வேன் படத்துக்கு நான் எழுதிய குறிப்பு

அந்தப் படத்தின் இடது பக்கத்தை வெட்டியவன் நான். போனில் ஓரத்தை விரலால் பிடித்து உள்ளே இழுத்தேன். மூன்று விநாடி ஆகியிருக்கும். இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவனுக்கு அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை. படத்தில் சும்மா கிடக்கும் இடத்தை எடுத்துவிட வேண்டும், முகங்கள் பெரிதாகத் தெரிய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

பத்திரிகையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் சேர்ந்தேன். வெளிநாட்டு பையர்களுக்குக் கடிதம் எழுதுவது, ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டும் ஃபைல்களைத் தயாரிப்பது, நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அறிவிப்புகளை எழுதுவது, இவைதாம் என் வேலை. போன வருடக் கடைசியில், கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடலாம் என்றார் முதலாளி. நாற்பது வயதுக்காரர், அப்பா ஆரம்பித்ததை இப்போது நடத்துகிறவர். வீட்டிலிருந்து அப்பாவின் பழைய ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். படங்கள் அட்டையோடு ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் கிழியும் என்பதால் ஒவ்வொன்றையும் அப்படியே போனில் படம் பிடித்தேன்.

ஒரு பக்கத்தில் அந்த வேன் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். வேனுக்கு முன்னும் படியிலுமாகப் பதினைந்து ஆண்கள். கதவில் கை வைத்தபடி காக்கிச் சட்டையில் ஒருவர். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

முதலாளி போகிற போக்கில் எட்டிப் பார்த்தார். "அது ஸ்டிரைக் சமயத்துல எடுத்ததா இருக்குமுங்ணா. எங்கப்பா அப்பக்கூட மெஷின நிறுத்தலயாமா. வெளியூர்ல இருந்து ஆள் கூட்டியாந்து ஓட்டுனாராமா."

நாற்பது வருடத்துக்கு முன் திருப்பூரில் நான்கு மாதம் நடந்த அந்த வேலைநிறுத்தத்தின்போது அவர் பிறந்திருக்கவில்லை. தனக்கு நேரடியாகத் தெரியாது என்பதை அந்த மூன்று வாக்கியத்திலும் அவர் சொல்லிவிட்டார். பத்திரிகையில் என்னிடம் ஒரு நிருபர் இப்படிச் செய்தி கொண்டுவந்திருந்தால் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

மலர் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஆனால் படங்கள் என் போனில் இருந்தன. பழைய திருப்பூரைப் பற்றிய ஒரு வாட்ஸ்அப் குழுவில் நான் இருந்தேன். ஏற்றுமதியாளர்கள், சாயப்பட்டறைக்காரர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இரண்டு வக்கீல்கள். நான் அவ்வப்போது பழைய கடைவீதி, பழைய ரயில் நிலையம் என்று ஏதாவது படம் போட்டு நான்கு வரி எழுதுவேன். 'அருமைங்க சார்', 'பொக்கிஷம்' என்று பதில் வரும். பத்திரிகை வேலையை விட்டபின் என்னிடம் யாரும் எதையும் கேட்காமல் இருந்த காலம் அது. காலையில் எழுந்ததும் அந்தப் பதில்களை எண்ணிப் பார்ப்பேன்.

வேன் படத்துக்கு நான் எழுதியது இது: "திருப்பூரை உலுக்கிய வேலைநிறுத்தத்தை முறியடிக்க, தென்மாவட்டங்களிலிருந்து போலீஸ் காவலுடன் வேனில் அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள். போராட்டம் பிசுபிசுக்க இதுவே தொடக்கமானது. அரிய படம்." கீழே என் பெயர், அதன் பக்கத்தில் 'ஓய்வுபெற்ற பத்திரிகையாளர்'.

போலீஸ் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை; காக்கிச் சட்டையைப் பார்த்து எழுதினேன். தென்மாவட்டம் என்றும் யாரும் சொல்லவில்லை. முதலாளி சொன்னது வெளியூர். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வெளியூர் ஆள் என்றால் தெற்கத்தி ஆள். இன்றைக்கு அதே சொல்லுக்கு வடக்கத்தி ஆள் என்று அர்த்தம். போராட்டம் பிசுபிசுத்தது என்ற வரிக்கு எந்த ஆதாரமும் இல்லை. படக்குறிப்பு ஒரே வாக்கியத்தோடு நின்றால் மொட்டையாக இருக்கும், ஆகவே இரண்டாவது வாக்கியம்.

மூன்றாம் நாள் கொமரலிங்கத்திலிருந்து என் தங்கை வீட்டுக்காரர் கூப்பிட்டார். கரும்பு விவசாயி. எதையும் சத்தமாக வாசித்துக் காட்டுகிற பழக்கம் உள்ளவர்.

"ஏனுங் மச்சா, உங்க திருப்பூர்க் கத ஒண்ணு நம்ம கரும்பு குரூப்புல சுத்துதுங்க. பாத்தீங்களா?"

வாசித்தார். அவருக்கு வந்ததில் என் பெயர் உதிர்ந்திருந்தது, என் மூன்று வாக்கியமும் அப்படியே இருந்தன. பின்னால் புதிதாக வால் முளைத்திருந்தது: இரட்டைக் கூலி கொடுத்தார்களாம், வேனுக்குள் அரிவாள் இருந்ததாம், கேட்டில் மறித்தவர்களில் இரண்டு பேருக்கு வெட்டாம். படத்தில் ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இவன்தான் ஆள் பிடித்துக் கொடுத்த மேஸ்திரி' என்று எழுதியிருந்ததாம்.

"அது நான் எழுதுனதுங்க மாப்ள," என்றேன்.

"அட, நீங்களா! அதான பாத்தன். படிக்கறப்பவே பேப்பர்ல வர்ற மாதிரி இருந்துச்சு. தெக்கத்தியானுக அப்ப இருந்தே இப்பிடித்தானாட்டங்குது, போங்க."

நான் சிரித்தேன். அரிவாளும் மேஸ்திரியும் நான் எழுதியவை அல்ல என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லவில்லை. 'பேப்பர்ல வர்ற மாதிரி' என்று அவர் சொன்னது காதில் இனித்துக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் பதினொரு மணி டீ நேரத்தில் செக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார். தைத்து முடித்த பனியன்களில் ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிற பிரிவு அது. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். கைக்குழந்தையாகத் திருப்பூருக்கு வந்தவர். இருபது வருடமாக இந்தக் கம்பெனியில் இருக்கிறார். இதை நான் எழுதலாமா என்று எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துக் கேட்டபோது, அப்பாவிடமும் கேட்டுவிட்டு, பேர் மட்டும் வேண்டாம் சார் என்றார். அதனால் யாருடைய பெயரும் இதில் இல்லை.

"சார், ஒரு நிமிசம். இதப் பாத்துச் சொல்லுங்க." போனை என் முன்னால் வைத்தார். அதே சிவப்பு வட்டம், கீழே என் பெயர். "இது யாருன்னு தெரியுமா?"

"தெரியலீங்களே."

"எங்கப்பா."

கையில் பனியன் கட்பீஸில் சுற்றிய ஏதோ இருந்தது. அதையும் மேஜையில் வைத்துப் பிரித்தார். சட்டம் போட்ட படம். அதே வேன், அதே பதினைந்து பேர். ஆனால் நான் பார்க்காமலே வெட்டிய இடது பக்கம் இதில் இருந்தது. வேனின் முகப்பில் இரண்டு வாழைக்கன்றுகள் கட்டியிருந்தார்கள். ஹெட்லைட்டில் சந்தனம், குங்குமம். வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் ஒரு பெரிய சட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். ஒருத்தியின் சேலையைப் பிடித்தபடி மூன்று வயதுப் பெண்குழந்தை.

"ஆயுத பூசைக்கு மறுநாளு சார். கம்பெனி டூரு. அமராவதி டேமுக்கு. சட்டியில இருக்கது புளிச்சோறு. காக்கிச் சட்டை வேன் டிரைவரு. ஸ்டிரைக்கு முடிஞ்சு ரெண்டு வருசம் கழிச்சு எடுத்தது." குழந்தையின் மேல் விரலை வைத்தார். "இது நானு. என்னையும் சேத்துல்ல வெட்டிப்புட்டீக."

யாரும் சிரிக்கவில்லையே என்று மட்டும் ஏதோ முனகினேன்.

"போட்டோக்காரர் ஆடாம நில்லுங்கன்னு சொன்னாராம். சிரிச்சா ஆடிரும்லா."

பிறகு விஷயத்துக்கு வந்தார். அவருடைய அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்தவர், வயது எழுபத்திரண்டு. அந்த வேலைநிறுத்தத்தில் சங்கத்தோடு நின்றவர். சம்பளமில்லாமல் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் கஞ்சித் தொட்டியை நடத்திய நான்கைந்து பேரில் ஒருவர். அவர்கள் பகுதியில் வருடா வருடம் மே தினத்தன்று சங்கக் கொடியை மூத்தவர் என்ற முறையில் அவர்தான் ஏற்றுவார். ஒரு மாதத்துக்கு முன்பே செயலாளர் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது வழக்கம்.

"இந்த வருசம் வரல. ரோட்டுல பாத்தாலும் போனப் பாத்துட்டே போறாரு. டீக்கடையில ஒரு பய, 'என்ன பெருசு, வேன் எத்தன மணிக்கு?'ன்னு கேட்ருக்கான். எல்லாரும் சிரிச்சிருக்காக. அன்னையில இருந்து அப்பா வீட்ட விட்டு வெளிய வரல. கொடி ஏத்தாட்டி அவுக செத்துர மாட்டாக சார். ஆனா கூப்பிடலன்னா, அந்த வட்டம் நெசம்னு எழுதி ஒட்டுன மாதிரிதான."

"நான் பாத்துக்கறனுங்க," என்றேன்.

"என்னத்தப் பாப்பீக? எடுத்துருவீகளா?"

எடுக்க முடியவில்லை. எல்லாருக்குமாக அழிக்க வாட்ஸ்அப் கொடுக்கும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அன்று மத்தியானமே குழுவில் ஒரு திருத்தம் போட்டேன்: "சில நாட்களுக்கு முன் இக்குழுவில் வெளியான படம் ஒன்றின் குறிப்பில் தகவல் பிழை இடம்பெற்றுவிட்டது. அது ஆயுத பூஜை சுற்றுலாவின்போது எடுக்கப்பட்ட படம். வருந்துகிறோம்."

படத்தை மறுபடி போடவில்லை. என் பெயரும் இல்லை. பத்திரிகையில் திருத்தங்களை ஏழாம் பக்கத்தின் அடியில், ரேஷன் கடை அறிவிப்புக்குக் கீழே வைப்போம். அங்கே வைத்தால் யார் படிப்பார்கள் என்பது வைக்கிற எங்களுக்குத் தெரியும். அதே கைதான் இதையும் எழுதியது. ஓர் ஆசிரியர் 'தகவலுக்கு நன்றி' என்றார். அடுத்து ஒருவர் அன்றைய நூல் விலையைப் போட்டார். அதற்கடுத்து முருகன் படத்தோடு இனிய மாலை வணக்கம்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"வருந்துகிறோம்னா யாரு சார்? நீங்க எத்தன பேரு?"

பக்கத்து மேஜையில் கணக்கு பார்க்கிற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

முதலாளியிடமும் சொன்னேன். அவருக்கு அந்தப் படம் பரவியதில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஏற்றுமதியாளர் குழுக்களில் 'உங்கப்பா தைரியசாலிங்க' என்று சொல்லியிருக்கிறார்கள். "அப்படீங்களா," என்று கொஞ்சம் யோசித்தார். "ஆனா எங்கப்பா ஆள் கூட்டியாந்தது நெசந்தானுங்ணா. இந்தப் போட்டோ இல்லாட்டி வேற போட்டோவா இருக்கும். நீங்க என்ன வேணா சொல்லிக்குங்க, கம்பெனி பேர மட்டும் இழுக்காம பாத்துக்குங்க."

பிறகு ஒரு வாரம் படம் போன வழியைத் தேடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். தங்கை வீட்டுக்காரர் கரும்புக் குழுவில் திருத்தம் போட்டார், போட்டதாகச் சொன்னார். ஒரு குழுவின் அட்மின், சாயப்பட்டறை வைத்திருப்பவர், "அட விடுங்க சார், பழைய சங்கதி. இப்பப் போயி யாருக்கு என்ன வரப்போவுது?" என்றார். ஒரு வக்கீல் என்னையே குறுக்கு விசாரணை செய்தார். "பேரு போட்டு எழுதீருக்கீங்க. இப்ப அது இல்லீங்கறீங்க. ரெண்டுல எதை நம்பறதுங்க?" பின்னணி இசையோடு வீடியோவாகப் போட்ட ஃபேஸ்புக் பக்கத்துக்கு மூன்று முறை எழுதினேன். அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் யாரென்றே தெரியவில்லை. பதில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். திருப்பூர் ராயபுரத்தைத் தாண்டி ஒரு சந்தில் எட்டு வீடுகள் கொண்ட லைன். மூன்றாவது வீடு. பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்து எனக்குப் போட்டார். தான் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டம் போட்ட படம் சுவரில் அதன் ஆணிக்குத் திரும்பியிருந்தது.

"தப்பு நடந்துபோச்சுங்க ஐயா," என்றேன்.

"ம்."

அவர் மகள் அடுப்படியில் இருந்தார். அதோடு எழுந்திருக்காமல் நான் ஒரு கேள்வி கேட்டேன். எழுதக் கூசுகிறது, ஆனால் கேட்டேன்.

"அந்த ஸ்டிரைக் சமயத்துல நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

விவரம் சேகரிக்கிற குரலில்தான் கேட்டேன். ஆனால் உள்ளே இருந்த ஆசை எனக்குத் தெரியும். நான்கு மாதம் பட்டினி கிடந்தவர்களில் ஒருநாள், இரண்டு நாள் என்று ரகசியமாக வேலைக்குப் போனவர்கள் எல்லா வேலைநிறுத்தத்திலும் உண்டு. இவரும் ஒரே ஒரு நாள் போயிருந்தால் போதும், என் குறிப்பில் பாதியாவது நிற்கும். அவர் வாயிலிருந்து அது வருமா என்று நான் காத்திருந்தேன்.

அடுப்படியில் டம்ளர் சத்தம் நின்றது. பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கேக்கீக சார்? நான் போனேனான்னா?"

"அப்படி இல்லீங்க…"

"போகல. கஞ்சிக்கு வெறகு பெறக்கிட்டு இருந்தேன். கடை கடையா அரிசி கேட்டோம். சாட்சி வேணும்னா கூட இருந்தவக ரெண்டு பேரு. ஒருத்தரு தவறிட்டாரு. இன்னொருத்தரு ஊரோட போயிட்டாரு, இப்ப ஆளு அடையாளம் தெரியாது அவருக்கு." துண்டை மடித்துத் தோளில் போட்டார். "நாப்பது வருசத்துல இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட சாட்சி கேட்டதில்ல."

மகள் டம்ளரை என் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார்.

டீயைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்தால் அதுவும் தப்பாகும் என்று தோன்றியது. பெரியவர்தான் மறுபடி பேசினார். "போன்ல நீங்க என்ன போட்டாலும் அந்தப் பயலுக பாக்க மாட்டானுக சார். இப்ப டீக்கடையில எல்லாரும் இருப்பானுக. அங்க போய்ச் சொல்லுங்க. நான் வரல."

டீக்கடை சந்து முனையில் இருந்தது. பக்கத்தில் சங்கத்தின் போர்டு, கொடிக் கம்பம். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் ஆறேழு இளைஞர்கள் பெஞ்சில் இருந்தார்கள். நான் யாரென்று சொல்லி, படத்தைப் பற்றி நான் எழுதியது தவறு என்றேன். ஒருவன் போனை எடுத்துத் தேடி என் பெயரைச் சத்தமாக வாசித்தான்.

"இது நீங்கதானுங்களா சார்?"

"ஆமாங்க."

"பத்திரிகையாளர்னு போட்டிருக்குது."

"ஆமாங்க. இருந்தனுங்க."

"இப்ப எங்க இருக்கறீங்க?"

கம்பெனி பெயரைச் சொன்னேன். பெஞ்சில் ஒரு சிரிப்பு ஓடியது.

"அதான பாத்தேன். ஆள் வெச்சு ஸ்டிரைக்க ஒடச்சாங்கன்னு பேரு கெடுதுல்ல. மொதலாளி அனுப்பிச்சிருக்காரு."

"அவர் அனுப்பலீங்க. நானா வந்தேன்."

"மொதல்ல எழுதறப்ப யாரும் சொல்லிக் குடுக்கல, நீங்களா எழுதிட்டீங்க. இப்ப இல்லீங்கறதுக்கு மட்டும் வந்து நிக்கறீங்க. சம்பளம் யாரு குடுக்கறாங்க சார்?"

முழுப் படத்தையும் காட்டினேன். வாழைக்கன்றைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான், மரியாதையாகத்தான் பார்த்தான்.

"சார், இதெல்லாம் இப்ப ஏஐ-ல வெச்சுக்கலாம். வாழமரம் என்னங்க சார், யானையே கொண்டாந்து நிறுத்தலாம்."

"அப்ப யானைக்கும் சேத்து ஒரு டீ சொல்லட்டுமா?" என்றார் டீ மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

இருபத்தாறு வருடத்தில் என் பெயரைப் போட்டு நான் எழுதிய எதையும் யாரும் இவ்வளவு உறுதியாக நம்பியதில்லை. அதை எழுதியவனே வந்து பொய் என்று சொன்னபோது, அவர்கள் எழுத்தின் பக்கம் நின்றார்கள்.

சத்தம் கேட்டு சங்கச் செயலாளர் உள்ளேயிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், எங்கள் பக்கத்துக்காரர். என்னை அலுவலகத்துக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சார், அவரு எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சும் நான் அவர் ஊட்டுப் பக்கம் போகல பாருங்க. அது என் தப்பு. ஆனா சங்கத்துல பாதிப் பேரு இப்ப வந்த பசங்க. அவனுங்களுக்கு ஸ்டிரைக்குன்னா அந்தப் போட்டோதான். வேற என்ன தெரியும்? நான் கூப்ட்டா, 'கருங்காலிய வெச்சுக் கொடி ஏத்தறீங்க'ம்பானுங்க." கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணு செய்யுங்க. மே தினத்துக்கு வாங்க. மைக்குல நீங்களே சொல்லுங்க. அப்புறம் நான் பேசிப் பாக்கறேன்."

இரண்டு வாரம் இருந்தது. அரைப் பக்கத்துக்கு நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றும் 'இந்தப் படம்' என்றே தொடங்கின. வேன், ஆயுத பூஜை, அமராவதி அணை எல்லாம் வந்தன. அதில் நான் எங்கும் இல்லை. நான்காவதைத்தான் 'நான்' என்று தொடங்க முடிந்தது. ஆனால் அதிலும் கம்பெனி பெயரை எழுதவில்லை. முதலாளி சொன்னபடி அந்த வரியை விட்டுவிட்டேன்.

மே தினத்தன்று காலை ஏழரைக்கே வெயில் ஏறிவிட்டது. சந்து முனையில் ஷாமியானா போட்டு ஐம்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெரியவர் தேய்த்த வெள்ளைச் சட்டையில், மகளோடு ஓரமாக நின்றிருந்தார். வழக்கமாக முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டாம். அன்றைக்கு அது காலியாக இருந்தது. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, உட்கார வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செயலாளர் என்னைக் கூப்பிட்டார். வாசித்தேன். "நான் ஒரு பத்திரிகையாளனாக இருந்தவன். ஒரு படத்தில் பாதியை நான் வெட்டினேன். மீதிப் பாதிக்கு யாரும் சொல்லாததை எழுதினேன். படத்தில் இருப்பவர்கள் வேலைநிறுத்தத்தை உடைக்க வந்தவர்கள் அல்ல. கம்பெனிச் சுற்றுலாவுக்குப் போனவர்கள். அதில் வட்டம் போட்டுக் காட்டப்படுகிறவர் இந்தப் பகுதியில் கஞ்சித் தொட்டி நடத்தியவர். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்." மைக் நடுவில் ஒரு தடவை கீச்சிட்டது. பின்னால் யாரோ வாலியூம் வாலியூம் என்றார்கள். முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. தட்டுகிற விஷயமும் இல்லை. யானை என்று சொன்னவன் இரண்டாம் வரிசையில் இருந்தான். அவன் மட்டும் திரும்பிப் பெரியவரைப் பார்த்தான்.

செயலாளர் மைக்கை வாங்கினார். "தோழரைப் பத்தி இனி யாரும் ஒண்ணும் பேசக்கூடாது. இந்த வருஷம் கொடிய, மூத்த தோழரும் இளைஞர் சார்புல ஒருத்தரும் சேர்ந்து ஏத்துவாங்க."

அவர்களுக்குள் பேசி முடித்தது அதுதான் என்று அப்போது புரிந்தது. செயலாளரால் முடிந்ததும் அதுதான் போலிருக்கிறது. வருடா வருடம் தனியாக ஏற்றியவருக்குத் துணைக்கு ஓர் ஆள்.

பெரியவர் மறுக்கவில்லை. போய்க் கயிற்றைப் பிடித்தார். அவர் கைக்கு மேலே இளைஞனின் கை. இழுத்தது மேலேயிருந்த கை. கொடி விரிந்தது, பூக்கள் விழுந்தன, கோஷம் போட்டார்கள். நான்கைந்து பேர் போனில் படம் எடுத்தார்கள். கோஷம் முடிவதற்குள் பெரியவர் கயிற்றை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

தட்டில் மிட்டாய் வந்தது. நான் கிளம்ப வேண்டும், ஆனால் அவரிடம் சொல்லாமல் எப்படிக் கிளம்புவது? பக்கத்தில் போய் நின்றேன். மகள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

"வெயில்ல நிக்காதீக, உக்காருங்க," என்றார் பெரியவர். மிட்டாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் பேப்பரைப் பிரிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப போட்டோ எடுத்தானுகளே. அதுக்குக் கீழ யாரு எழுதுவா சார்?"

"தெரியலீங்க ஐயா. சங்கத்துலதான் யாராச்சும் போடுவாங்க."

"ரெண்டு பேரு ஏத்துனதுக்கு என்ன காரணம்னு எழுதுவானுகளோ." சட்டை மேலிருந்த ஒரு பூவிதழைத் தட்டிவிட்டார். "என்னமும் எழுதிட்டுப் போகட்டும். நீங்க எழுதிராதீக சார்."

கோபமாகச் சொல்லவில்லை. வண்டி வருகிறது, பார்த்துப் போங்கள் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"எழுத மாட்டனுங்க," என்றேன்.

அவர் தலையாட்டினார். மகள் நாற்காலிகளை மடக்கி அடுக்கத் தொடங்கினார்.